ஹெட்டரைக் காணோம் என்கிறதா கம்பைலர்? வாசகர் கேள்விகளும் கோத்தகிரியிலிருந்து பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே புகார்: ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’. அதாவது, புரோகிராமின் மேலே இன்க்ளூட் வரியில் கேட்கும் ஹெட்டர் ஃபைல் (ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் உள்ள ஃபைல்) கம்பைலருக்குக் கிடைக்கவில்லை. மலைமேல் செமஸ்டர் தொடங்கிவிட்டது என்று இதிலிருந்தே தெரிகிறது. அதனால் பிரின்டர் பிரச்சினை, மழையில் இன்டர்நெட் போகும் பிரச்சினை எல்லாம் அடுத்த இதழுக்கு. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பது முக்கியமான இடங்களில் சொல்லிவிடுகிறேன்.

மேடம், கல்லூரி லேபில் டர்போ சி-யில் ஓடும் புரோகிராம் வீட்டில் லினக்ஸ் லேப்டாப்பில் ஓட மறுக்கிறது. ‘கோனியோ.ஹெச்’ இல்லை என்கிறது. அந்த ஃபைலை லேபிலிருந்து பென்டிரைவில் கொண்டுவந்து போட்டால் சரியாகுமா? கம்பைலர் அதை எங்கேதான் தேடுகிறது?
– இரண்டாம் ஆண்டு மாணவி, குன்னூர்

வேண்டாம்மா, கொண்டுவராதே. கொண்டுவந்தாலும் வேலைக்கு ஆகாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். உன் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கம்பைலர் உன் டிஸ்க் முழுவதையும் துழாவுவதில்லை. அதனிடம் சில ஃபோல்டர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதை மேலிருந்து கீழாக, வரிசை மாறாமல் பார்க்கும். எந்த ஃபோல்டரில் அந்தப் பெயர் முதலில் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். எஸ்டேட் லைன் வீடுகளில் ‘குமார்’ என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் கடிதம் கொடுக்கப் போகிறார் என்று வை. முதல் லைனிலிருந்து வரிசையாகக் கதவைத் தட்டுவார். எந்தக் கதவில் முதலில் ஒரு குமார் வெளியே வருகிறாரோ அவர் கையில் கடிதம். அது சரியான குமார்தானா என்ற விசாரணை கிடையாது. கடைசி வீடு வரை போயும் குமாரே இல்லாவிட்டால்தான் நீ பார்த்த அந்த எரர்.

பட்டியல் என்னவென்று ஊகிக்க வேண்டியதில்லை, கம்பைலரையே கேட்கலாம். லினக்ஸில் வழக்கமான சி கம்பைலரின் பெயர் ஜிசிசி. டெர்மினலில் ‘ஜிசிசி -இ -வி -எக்ஸ் சி /டெவ்/நல்’ என்று தட்டு. இதில் இ மட்டும் பெரிய எழுத்து. காலியான ஒரு சி ஃபைலை ப்ரீபிராசசர் (இன்க்ளூட் வரிகளைக் கவனிக்கும் முதல் கட்டம்) வரை மட்டும் ஓட்டு, என்ன செய்கிறாய் என்றும் விவரமாகச் சொல் என்று அதற்கு அர்த்தம். கொட்டுகிற வரிகளுக்கு நடுவில் ‘சர்ச் ஸ்டார்ட்ஸ் ஹியர்’ என்று முடியும் வரி இருக்கும். கொஞ்சம் கீழே ‘எண்ட் ஆஃப் சர்ச் லிஸ்ட்’. முதல் வகை வரி இரண்டு வரும், இரண்டாவதற்குப் பின்னால் இருப்பதைப் பார். வழக்கமான கணினியில் உபுண்டு 24.04-உம் அதோடு வரும் ஜிசிசி 13-உம் இருந்தால் இப்படித் தெரியும்:

/யுஎஸ்ஆர்/லிப்/ஜிசிசி/எக்ஸ்86_64-லினக்ஸ்-ஜிஎன்யு/13/இன்க்ளூட்
/யுஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட்
/யுஎஸ்ஆர்/இன்க்ளூட்/எக்ஸ்86_64-லினக்ஸ்-ஜிஎன்யு
/யுஎஸ்ஆர்/இன்க்ளூட்

முதலாவது கம்பைலரின் சொந்த வீடு. எஸ்டிடிடெஃப், எஸ்டிடிஆர்க், ஃப்ளோட் போன்ற ஹெட்டர்கள் அங்கே இருக்கின்றன. ஒரு ஃப்ளோட் எவ்வளவு துல்லியமானது, எண்ணிக்கை தெரியாத ஆர்க்யூமென்ட்களை எப்படி எடுப்பது என்பதெல்லாம் கம்பைலருக்குத்தான் தெரியும், ஆகவே அதுவே அவற்றை வைத்துக்கொள்கிறது. இரண்டாவது, நீயே சோர்ஸ் எடுத்து ‘மேக் இன்ஸ்டால்’ செய்யும் பொருட்களுக்கு. மூன்றாவது டெபியன், உபுண்டு குடும்பத்துக்கே உரியது. பிராசசருக்குப் பிராசசர் மாறுகிற ஹெட்டர்கள் அங்கே. நான்காவதில்தான் எஸ்டிடிஐஓ, எஸ்டிடிலிப், ஸ்ட்ரிங் எல்லாம் இருக்கின்றன. அவை கம்பைலரோடு வருபவை அல்ல, சி லைப்ரரியோடு வருபவை. சி++ என்றால் அதன் ஹெட்டர்களுக்கான ஃபோல்டர்கள் இவற்றுக்கு மேலே வந்து உட்காரும்.

அடுத்தது, இன்க்ளூட் வரியில் ஃபைல் பெயரை எழுதுவது கோண அடைப்பிலா, இரட்டை மேற்கோளிலா? வகுப்பில் ‘ஒன்று சிஸ்டத்துக்கு, இன்னொன்று நமக்கு’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது போதாது. மேற்கோளில் எழுதினால், அந்த இன்க்ளூட் வரி எந்த ஃபைலில் இருக்கிறதோ அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரை முதலில் பார்க்கும். நீ டெர்மினலில் எங்கே நிற்கிறாய் என்பது கணக்கில் இல்லை. அங்கே கிடைக்காவிட்டால் கோண அடைப்புக்கான அதே பட்டியலுக்குப் போகும். அதனால்தான் எஸ்டிடிஐஓவை மேற்கோளில் எழுதினாலும் வேலை செய்கிறது. இதெல்லாம் ஜிசிசி-யின் வழக்கம். சி மொழிக்கு 1989-இல் வந்த தரநிர்ணயம், எங்கே தேடுவது என்பதைக் கம்பைலர் செய்பவர்களிடமே விட்டுவிட்டது. கோண அடைப்புக்குள் இருப்பது டிஸ்கில் ஒரு ஃபைலாக இருந்தாக வேண்டும் என்றுகூட அது சொல்லவில்லை.

உன் டர்போ சி-யிலும் இதே கதைதான். ஆப்ஷன்ஸ் மெனுவில் டைரக்டரீஸ் என்பதைத் திறந்து பார், ‘சி:\டிசி\இன்க்ளூட்’ என்று இருக்கும். யாராவது அந்த ஃபோல்டருக்கு டர்போசி3 என்று பெயர் வைத்து காப்பி செய்திருந்தால், ‘அனேபிள் டு ஓப்பன் இன்க்ளூட் ஃபைல்’ என்று அழும். ஒரு ஃபோல்டர் மட்டுமே உள்ள பட்டியல், அவ்வளவுதான்.

சரி, கோனியோ. அது டாஸ் காலத்துச் சரக்கு, சி தரநிர்ணயத்தில் கிடையாது, லினக்ஸில் வராது. ஹெட்டரில் இருப்பது ‘திரையைத் துடைக்க சிஎல்ஆர்எஸ்சிஆர் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு’ என்ற அறிவிப்பு மட்டும்தான். ஃபங்ஷனின் உடம்பு டர்போ சி-யின் லைப்ரரியில், 16 பிட் டாஸுக்காகச் செய்யப்பட்டதாக இருக்கிறது. அறிவிப்பை மட்டும் பென்டிரைவில் தூக்கி வந்தால் இந்த எரர் போய் வேறு எரர் வரும். உன் புரோகிராமில் மேலே ஒரு சிஎல்ஆர்எஸ்சிஆர், கீழே திரை மறையாமல் இருக்க ஒரு கெட்சிஹெச், இதற்காகத்தான் கோனியோ இருக்கிறது என்று பந்தயம் கட்டுவேன். இன்க்ளூட் வரியோடு சேர்த்து மூன்று வரிகளையும் நீக்கிவிடு. லினக்ஸ் டெர்மினல் மறைந்து போகாது. நிஜமாகவே ஒவ்வொரு விசையாகப் படிக்க வேண்டும் என்றால் ‘லிப்என்கர்சஸ்-டெவ்’ பேக்கேஜைப் போட்டு என்கர்சஸ் கற்றுக்கொள். இந்தக் காலத்திலும் டர்போ சி-யில் பாடம் நடத்துவதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. உன் இன்டர்னல் மார்க்கை நினைத்து அடக்கிக்கொள்கிறேன்.

எங்கள் ஊரில் நெட் ரொம்ப மோசம். தெரிந்தவரிடமிருந்து பேக்கேஜ் ஃபைல்களைப் பென்டிரைவில் வாங்கி பள்ளிக் கணினியில் ஜிசிசி போட்டேன். ஜிசிசி ஓடுகிறது, வெர்ஷன் காட்டுகிறது. ஆனால் எஸ்டிடிஐஓ.ஹெச் இல்லையாம். அது இல்லாமல் ஒரு சி கம்பைலர் எப்படி இருக்க முடியும்?
– பள்ளி ஆசிரியர், கூடலூர்

இருக்க முடியும் சார். மேலே அந்த மாணவிக்குச் சொன்ன முதல் வீட்டையும் நான்காவது வீட்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் முதல் வீடு இருக்கிறது, நான்காவது காலி. சோதித்துப் பாருங்கள்: எஸ்டிடிடெஃப்.ஹெச்சை மட்டும் இன்க்ளூட் செய்தால் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும், எஸ்டிடிஐஓ என்றால் விழும்.

உபுண்டுவில் எஸ்டிடிஐஓ.ஹெச் ‘லிப்சி6-டெவ்’ என்ற பேக்கேஜில் இருக்கிறது. ஜிசிசி பேக்கேஜ் அதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை, பரிந்துரை மட்டும் செய்கிறது. நெட்டில் வழக்கம்போல் நிறுவினால் பரிந்துரையும் கூடவே வந்துவிடும். பென்டிரைவில் ஃபைல் ஃபைலாகப் பொறுக்கும்போது அது விடுபட்டிருக்கும். மறுபடி பென்டிரைவ் கொடுக்கும்போது ‘பில்ட்-எசென்ஷியல்’ பேக்கேஜையும் அது சார்ந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் கணினியில் உள்ள அதே உபுண்டு பதிப்புக்கு உரியவையாக இருக்கட்டும். எந்த ஹெட்டர் எந்தப் பேக்கேஜிலிருந்து வந்தது என்று பார்க்க, அது இருக்கும் கணினியில் ‘டிபிகேஜி -எஸ் /யுஎஸ்ஆர்/இன்க்ளூட்/எஸ்டிடிஐஓ.ஹெச்’ (எஸ் பெரிய எழுத்து, பாதை முழுக்கச் சிறிய எழுத்து). ஃபெடோராவில் இதே பொருளின் பெயர் ‘ஜிலிப்சி-டெவல்’.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: விண்டோஸில் பழகியவர்கள் ‘எஸ்டிடிஐஓ’வின் முதல் எழுத்தைப் பெரிதாகத் தட்டுவார்கள். அங்கே ஓடும். லினக்ஸில் அது வேறு ஃபைல், கிடைக்காது.

ஃபைல் கிடைக்கிறது, ஆனால் தப்பான ஃபைல் கிடைக்கிறது! டைம்.ஹெச் இன்க்ளூட் செய்திருக்கிறேன், ‘டைம்_டி’ தெரியாது என்கிறது. என் ரூம்மேட் கணினியில் அதே கோட் ஓடுகிறது. பேய் பிடித்துவிட்டதா?
– மென்பொருள் ஊழியர், வீட்டிலிருந்து வேலை, அருவங்காடு

காணோம் என்று வருகிற எரரைவிட இது மோசமான வகை, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். உங்கள் புராஜெக்டில் யாரோ ‘டைம்.ஹெச்’ என்று சொந்தமாக ஒரு ஃபைல் வைத்திருக்கிறார்கள். கம்பைலர் அதை முதலில் பார்த்து எடுத்துக்கொள்கிறது. சொந்த ஃபைலுக்கு ஸ்ட்ரிங், மேத், டைம் என்று பெயர் வைக்காதீர்கள் என்று என் மையத்தில் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது.

‘கோண அடைப்பில்தானே எழுதினேன், என் ஃபோல்டரை ஏன் பார்க்கிறது?’ என்று கேட்பீர்கள். மேக்ஃபைலை (கம்பைல் கட்டளைகளை எழுதிவைத்திருக்கும் ஃபைல்) திறந்து ‘-ஐ .’ இருக்கிறதா பாருங்கள் (ஐ பெரிய எழுத்து, பக்கத்தில் புள்ளி). மைனஸ் ஐ-யில் கொடுக்கும் ஃபோல்டர்கள் இடமிருந்து வலமாக, உள்ளே பதிந்திருக்கும் பட்டியலுக்கு முன்னால் பார்க்கப்படும். புள்ளி என்றால் நீங்கள் கட்டளை தட்டும் ஃபோல்டர்.

மேக்ஃபைல் சுத்தமாக இருந்து, ரூம்மேட்டுக்கு மட்டும் ஓடினால், சந்தேகம் என்விரான்மென்ட் வேரியபிள்மேல் போக வேண்டும். ‘சிபாத்’ என்று ஒன்று உண்டு. அதில் உள்ள ஃபோல்டர்கள் மைனஸ் ஐ-களுக்கு அடுத்து, சிஸ்டம் ஃபோல்டர்களுக்கு முன்பு பார்க்கப்படும். பாஷ் செட்டிங் ஃபைலில் பலர் ‘சிபாத் = பழைய சிபாத், ஒரு கோலன், புது ஃபோல்டர்’ என்று எழுதிவிடுகிறார்கள். பழையது காலியாக இருந்தால் என்ன மிஞ்சும்? முதலில் ஒரு கோலன், அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததை ஜிசிசி ‘இப்போது நிற்கிற ஃபோல்டர்’ என்று எடுத்துக்கொள்கிறது. நீங்கள் எழுதாமலே ‘-ஐ .’ சேர்ந்துவிட்டது. கையேட்டிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள், யார் படிக்கிறார்கள்!

உறுதி செய்ய, கம்பைல் கட்டளையோடு பெரிய ‘-ஹெச்’ சேருங்கள். எந்தெந்த ஹெட்டர் எந்தப் பாதையிலிருந்து வந்தது என்று வரிசையாகக் கொட்டும். ஒன்றுக்குள் ஒன்று இன்க்ளூட் ஆன ஆழத்தை முன்னால் உள்ள புள்ளிகள் காட்டும். டைம்.ஹெச் உங்கள் வீட்டு ஃபோல்டரிலிருந்து வந்திருந்தால் பேய் யாரென்று தெரிந்துவிடும். ஃபைலின் பெயரை மாற்றிவிடுங்கள். பெயரை மாற்றவே முடியாத நிலைமை என்றால், அந்த ஃபோல்டரை மைனஸ் ஐ-க்குப் பதில் ‘-ஐகோட்’ மூலம் கொடுங்கள். அது மேற்கோள் இன்க்ளூட்களுக்கு மட்டும் பொருந்தும், கோண அடைப்பைத் தொடாது.

சூரியப் படங்களை வைத்து விளையாடுவது என் பொழுதுபோக்கு. ஃபிட்ஸ் என்ற வானியல் கோப்பு வகைப் படங்களைப் படிக்க நண்பர் கொடுத்த சி புரோகிராமில் ‘ஃபிட்ஸ்ஐஓ.ஹெச்’ இருக்கிறது. என் உபுண்டுவில் ஓடுகிறது, அவருடைய ஃபெடோராவில் அதே ஃபைல் கிடைக்கவில்லை. லைப்ரரி இரண்டிலும் இருக்கிறது.
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கொடைக்கானல்

1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் உள்ள ஊரிலிருந்து வேறென்ன பொழுதுபோக்கு வரும் ஐயா! வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு நகர்வதைக் கண்டதும் உங்கள் மலையில்தான்.

விஷயம் எளிது. உபுண்டு அந்த ஹெட்டரை நேராக /யுஎஸ்ஆர்/இன்க்ளூட்-இல் வைக்கிறது. ஃபெடோரா அதற்குள் ‘சிஃபிட்ஸ்ஐஓ’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு உள்ளே வைக்கிறது. பட்டியலில் உள்ள ஃபோல்டர்களின் உட்ஃபோல்டர்களுக்குள் கம்பைலர் தானாக இறங்கிப் பார்க்காது. நிறையப் பேர் இறங்கிப் பார்க்கும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோடில் ‘சிஃபிட்ஸ்ஐஓ/ஃபிட்ஸ்ஐஓ.ஹெச்’ என்று மாற்றினால் அவருக்கு ஓடும், உங்களுக்கு நின்றுவிடும்.

கோடைத் தொடாமல், கம்பைல் செய்யும்போது ‘பிகேஜி-கான்ஃபிக் --சிஃபிளாக்ஸ் --லிப்ஸ் சிஃபிட்ஸ்ஐஓ’ சொல்லும் விடையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த ஊரில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியும். தேவையான மைனஸ் ஐ-யை அதுவே கொடுக்கும். ‘லைப்ரரி இருக்கிறது’ என்கிறீர்களே, அதிலும் ஒரு சின்ன விஷயம்: ஓடுவதற்கான பேக்கேஜ் வேறு, ஹெட்டர் உள்ள ‘டெவல்’ பேக்கேஜ் வேறு. இரண்டாவது அவரிடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்று வந்தால் அது ஹெட்டர் சங்கதி இல்லை. கம்பைல் ஆன துண்டுகளை லைப்ரரியோடு இணைக்கும் லிங்கர் கேட்கிற கேள்வி, அதற்குப் பட்டியலும் தனி.

அக்கா, நான் டீ ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். இலை வாட்டும் தொட்டியில் ஈரப்பதம் பார்க்க ராஸ்பெர்ரி பை வைத்திருக்கிறேன். பை-யில் கம்பைல் செய்தால் நேரமாகிறது என்று லேப்டாப்பில் ஏஆர்எம் (பை-யின் பிராசசர் வகை) கம்பைலர் போட்டேன். ‘ஐ2சி/எஸ்எம்பஸ்.ஹெச்’ கிடைக்கவில்லை. லேப்டாப்பில் லிப்ஐ2சி-டெவ் போட்டு ‘-ஐ /யுஎஸ்ஆர்/இன்க்ளூட்’ கொடுத்தேன். இப்போது என்னென்னமோ எரர்.
– கோத்தகிரி அருகே ஒரு கிராமத்திலிருந்து

தம்பி, தொட்டிக்கு ஈரப்பதம் பார்க்க வேண்டும் என்று தோன்றியதற்கே உனக்கு ஒரு டீ. டானிங்டன் பக்கம் வந்தால் மாடியேறி வா.

நீ கொடுத்த அந்த மைனஸ் ஐ-தான் வில்லன். லேப்டாப்பின் சொந்த ஜிசிசி-க்கு அதையே கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஏற்கெனவே பட்டியலில் உள்ள சிஸ்டம் ஃபோல்டரை மைனஸ் ஐ-யில் மறுபடி சொன்னால் ஜிசிசி அதைக் கண்டுகொள்ளாது. வரிசை குலையக் கூடாது என்பதற்காக. தனியாக இறக்கிப் போடும் ஏஆர்எம் கம்பைலரின் பட்டியலில் லேப்டாப்பின் /யுஎஸ்ஆர்/இன்க்ளூட் இருக்காது. அதன் ஹெட்டர்கள் அதனோடு வரும் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே நீ சொன்னதை நம்பி, லேப்டாப்பின் ஃபோல்டரை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்துவிட்டது.

விளைவு என்ன என்று பார். எஸ்டிடிஐஓ.ஹெச் லேப்டாப்பிலிருந்து வருகிறது. அது உள்ளே ‘பிட்ஸ்’ என்ற ஃபோல்டரில் உள்ள ஹெட்டர்களைக் கேட்கிறது. லேப்டாப்பில் அவை எக்ஸ்86 ஃபோல்டருக்குள் இருப்பதால் அங்கே கிடைக்காமல், அடுத்து ஏஆர்எம் பக்கத்திலிருந்து வருகின்றன. தலை ஒரு கணினிக்கு, உடம்பு இன்னொன்றுக்கு. இரண்டு பக்கமும் சி லைப்ரரி ஒரே பதிப்பாக இருந்தால் சத்தமில்லாமல் கம்பைல் ஆகிவிடும், வேறு நாளில் கடிக்கும். உனக்குப் பதிப்பு வேறாக இருந்திருக்க வேண்டும், உடனே எரர் வந்தது. அது நல்லதுதான்.

சரியான வழி: பை-யிலேயே லிப்ஐ2சி-டெவ்வை நிறுவு. பிறகு பை-யின் /லிப், /யுஎஸ்ஆர்/லிப், /யுஎஸ்ஆர்/இன்க்ளூட் மூன்றையும் ‘ஆர்சிங்க்’ கொண்டு லேப்டாப்பில் ஒரு ஃபோல்டருக்குள், அதே அமைப்போடு இறக்கு. கம்பைல் செய்யும்போது ‘--சிஸ்ரூட் = அந்த ஃபோல்டர்’ என்று கொடு. அதன்பின் கம்பைலர் /யுஎஸ்ஆர்/இன்க்ளூட் என்று தேடும் இடமெல்லாம் அந்த ஃபோல்டருக்குள் உள்ள /யுஎஸ்ஆர்/இன்க்ளூட் ஆகிவிடும். கூடுதலாக ஏதாவது ஃபோல்டர் சேர்க்க வேண்டியிருந்தால் மைனஸ் ஐ-யை அடுத்து ஒரு சமக்குறி போட்டுப் பாதையை எழுது. சமக்குறி இருக்கும் இடத்தில் சிஸ்ரூட்டை அதுவே போட்டுக்கொள்ளும். பை-யில் 64 பிட் ஓஎஸ் இருந்தால் கம்பைலரும் ‘ஏஆர்ச்64’ வகையாக இருக்க வேண்டும், அதையும் பார்த்துவிடு.

உன் புரோகிராம் நூறு இருநூறு வரிதான் என்றால், இவ்வளவு பாடு வேண்டாம், பை-யிலேயே கம்பைல் செய். ஈர இலை வாடுகிற நேரத்தோடு பார்த்தால் அது ஒன்றும் தாமதமில்லை.

விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ போட்டேன். உள்ளே ஓடுகிறது, கறுப்புத் திரையில் ‘சிஎல்’ என்று தட்டினால் சி1083 எரர், எஸ்டிடிஐஓ.ஹெச்சைத் திறக்க முடியவில்லையாம்.
– பாலிடெக்னிக் மாணவர், ஊட்டி

‘சிஎல்’ இருக்கும் ஃபோல்டரை ‘பாத்’ வேரியபிளில் நீங்களே சேர்த்துவிட்டு, சாதாரணக் கமாண்ட் பிராம்ப்டில் தட்டியிருப்பீர்கள். மைக்ரோசாஃப்ட் கம்பைலர் தன் பட்டியலை ‘இன்க்ளூட்’ என்ற என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து எடுக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ‘டெவலப்பர் கமாண்ட் பிராம்ப்ட்’ என்று ஒன்று இருக்கும். அது திறக்கும்போதே அந்த வேரியபிளை நிரப்பிவிடும். அங்கே ‘எக்கோ %இன்க்ளூட்%’ தட்டிப் பாருங்கள். விஷுவல் ஸ்டுடியோ 2015 முதல் எஸ்டிடிஐஓ.ஹெச் விண்டோஸ் எஸ்டிகே-யின் (புரோகிராம் எழுதுவோருக்கான ஹெட்டர், லைப்ரரித் தொகுப்பு) ‘யுசிஆர்டி’ ஃபோல்டருக்குப் போய்விட்டது. ஆகவே நிறுவும்போது எஸ்டிகே-யை டிக் செய்யாமல் விட்டிருந்தாலும் இதே எரர் வரும்.

மேக்கில் /யுஎஸ்ஆர்/இன்க்ளூட் ஃபோல்டரே இல்லை. யாராவது அழித்துவிட்டார்களா?
– பெயர் வேண்டாம், பெருமாள்மலை

ஆப்பிளே எடுத்துவிட்டது. 2018-இல் வந்த மொஹாவே முதல் அது வழக்கமாக வருவதில்லை. ஹெட்டர்கள் எஸ்டிகே-க்குள் இருக்கின்றன. ‘எக்ஸ்சிரன் --ஷோ-எஸ்டிகே-பாத்’ தட்டினால் இடம் தெரியும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் ‘எக்ஸ்கோட்-செலக்ட் --இன்ஸ்டால்’. நீங்களே அந்தப் பெயரில் ஃபோல்டர் உருவாக்கப் பார்க்காதீர்கள், சிஸ்டம் அனுமதிக்காது.